படம் இருக்கிறது, பெயர் எங்கே?

தம்போய், ஸ்கூடாய் என்று ஜொகூர் பாருவைச் சுற்றிலும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவற்றுள் பலவற்றில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இருக்கும். தாத்தா நாற்காலியில் விறைப்பாக அமர்ந்திருப்பார். பாட்டி பக்கத்தில் நிற்பார். பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர். 'அவங்கெல்லாம் யாரு?' என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், 'யாரோ தோட்டத்துச் சொந்தம்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஒருவரின் படங்களைப் பார்க்கும்போதும் இதே கேள்வி எழுகிறது. அவர் ஜூலியா மார்கரெட் கேமரன். விக்டோரியா மகாராணியார் காலத்தில் புகைப்படத்தை ஒரு கலையாக உயர்த்தியவர்களுள் முதல் வரிசையில் வைத்துப் போற்றப்படுபவர். அவர் பிறந்தது கல்கத்தாவில். கண்மூடியது இலங்கை மலைநாட்டில். கடைசிக் காலத்தில் அவருடைய கேமராவின் முன் நின்றவர்களுள் தோட்டத் தமிழர்களும் உண்டு என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

48 வயதில் ஒரு பரிசு

ஜூலியா 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. தாயார் பிரெஞ்சு வம்சாவளியினர். 1838இல் கல்கத்தாவிலேயே சார்ல்ஸ் ஹே கேமரன் என்ற சட்ட நிபுணரை மணந்தார். கணவர் அவரைவிட 20 வயது மூத்தவர். இலங்கையின் ஆட்சிமுறையைச் சீர்திருத்த அமைக்கப்பட்ட கோல்புரூக்-கேமரன் ஆணைக்குழுவில் வரும் கேமரன் இவர்தான். இலங்கையின் மீது தீராத பற்றுக்கொண்ட இவர், அங்கே நிலங்களை வாங்கிக் காப்பித் தோட்டங்களுக்கு உரிமையாளரானார்.

1848இல் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. 1860 முதல் வைட் தீவின் ஃபிரெஷ்வாட்டர் என்னும் ஊரில் வசித்தது. 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஜூலியாவுக்கு ஒரு கேமராவைப் பரிசளித்தனர். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டில் தனிமையைப் போக்க உதவட்டுமே என்ற எண்ணம். அப்போது அவருக்கு வயது 48. நிலக்கரி போட்டுவைக்கும் அறை இருட்டறையானது. கண்ணாடி பதித்த கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமானது!

இன்று கைத்தொலைபேசியில் ஒரு நொடியில் முடியும் வேலை அன்று பெரும்பாடு. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசினைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். பிறகு முட்டை வெண்கரு தடவிய தாளில் வெயிலில் வைத்து அச்செடுக்க வேண்டும். அவர் பயன்படுத்திய மங்கலான வெளிச்சத்தில், எதிரே அமர்ந்தவர் சில நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டும். 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியை எடுத்த படத்தையே அவர் தமது முதல் வெற்றி என்று குறித்து வைத்தார்.

அவர் படங்களில் முகம் பெரிதாக இருக்கும். பின்னணி இருளில் மறைந்திருக்கும். கோடுகள் சற்றே கலங்கியிருக்கும். புகைப்படச் சங்கத்து விமர்சகர்கள் இதைத் தொழில் தெரியாத பெண்ணின் பிழை என்று எள்ளி நகையாடினர். அவர் தம் பாணியை மாற்றிக்கொள்ளவில்லை. லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் (இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம்) 1865இல் அவருடைய படங்களை விலைகொடுத்து வாங்கியது. 1868இல் அங்கேயே படமெடுக்க இரண்டு அறைகளையும் ஒதுக்கித் தந்தது.

கவிஞர் டென்னிசன், அறிஞர் கார்லைல், விஞ்ஞானிகள் டார்வின், ஹெர்ஷல் ஆகியோரின் முகங்களை இன்று நாம் மனத்தில் காண்பதற்கு அவர் கேமராவும் ஒரு காரணம். பெரிய மனிதர்களை மட்டுமே அவர் எடுத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. வீட்டு வேலைக்கு வந்த மேரி ஹில்லியர் என்ற பெண்ணை மாதா மரியாளாக நிறுத்திப் பல படங்கள் எடுத்தார். 150 ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தப் பணிப்பெண்ணின் பெயர் நூல்களில் நிற்கிறது.

இலங்கையில் நின்றவர்கள்

1875இல் கேமரன் தம்பதியர் இலங்கைக்குப் புறப்பட்டனர். மகன்கள் அங்கே இருந்தார்கள்; தோட்டங்களும் இருந்தன; இங்கிலாந்தில் பணமுடை. கப்பலில் தங்களுக்காக இரண்டு சவப்பெட்டிகளையும் ஏற்றிச் சென்றார்கள் என்று சொல்லப்படுகிறது.

அவர்கள் சென்றபோது காப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் அரித்துக்கொண்டிருந்தது. 1869இல் கண்டறியப்பட்ட இந்நோயே பின்னர் இலங்கையைத் தேயிலை நாடாக மாற்றியது. அந்தக் காப்பியைப் பறித்த கைகள் தமிழகத்திலிருந்து வந்தவை. படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்த அந்தத் தொழிலாளர்களில் வழியிலேயே மடிந்தவர்கள் பலர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோருக்கு அவர்கள் உடன்பிறப்புகள் போன்றவர்களே.

2003இல் வெளிவந்த முழுமையான பட்டியல், ஜூலியாவின் 1,200க்கும் மேற்பட்ட படங்களைக் கணக்கிட்டுள்ளது. அவற்றில் இலங்கைப் படங்கள் 30க்கும் குறைவு. வீட்டுப் பணியாளர்களும் தோட்டத் தொழிலாளர்களும் அவற்றில் நிற்கின்றனர். டார்வினுக்குத் தந்த அதே பொறுமையை ஜூலியா அவர்களுக்கும் தந்திருக்கிறார். ஆனால் தலைப்பைப் பாருங்கள்: 'இலங்கைப் பெண்', 'களுத்துறைக் குடியானவர்கள்'. பெயர் இல்லை!

1877இல் களுத்துறைக்கு வந்து தங்கிய ஓவியர் மரியான் நார்த் ஒரு சம்பவத்தை எழுதி வைத்திருக்கிறார். உள்ளூர் ஆள் ஒருவரின் முதுகழகைக் கண்டு வியந்த ஜூலியா, அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் பிடிவாதம் பிடித்தாராம். வீட்டிலோ தோட்டமே இல்லை. அந்த ஆளுக்கோ தோட்டக்காரர் என்றால் என்னவென்றே தெரியாது! படிக்கச் சிரிப்பு வரும் கதைதான். முதுகைப் பற்றிய செய்தி நிலைத்துவிட்டது. அந்த மனிதரின் பெயரை யாரும் எழுதவில்லை.

இது ஜூலியா ஒருவரின் குறை அன்று. 1868 முதல் 1875 வரை லண்டனில் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் அரசாங்க வெளியீடு, மனிதர்களைச் சாதியாகவும் இனமாகவும் பிரித்துக் காட்டியது. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் 1867இல் தொடங்கிய லாம்பர்ட் நிறுவனமும் இனப்பெயரிட்ட படங்களை விற்றது. அவற்றோடு ஒப்பிட்டால் ஜூலியாவின் படங்களில் மனிதத்தன்மை கூடுதல் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் மேரி ஹில்லியருக்குக் கிடைத்த பெயர், இலங்கைப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

1879 ஜனவரி 26ஆம் தேதி ஜூலியா டிக்கோயாவில் காலமானார். மறு ஆண்டு கணவரும் மறைந்தார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில் இருவரின் கல்லறைகளும் உள்ளன. அவர்களின் பெயர்களைக் கல்லில் இன்றும் படிக்கலாம்.

காலனித்துவக் காலத்தின் விடுபட்ட பெயர்களை இனி மீட்பது கடினம். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் படங்களின் கதை அப்படியல்ல. அவற்றில் நிற்பவர்களை அடையாளம் காட்டக்கூடிய பெரியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். படத்தை அவர்கள் கையில் கொடுத்துக் கேட்கலாம். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் யார் என்று படத்தின் பின்புறம் மை படாமல் மென்மையான பென்சிலால் எழுதி வைக்கலாம். அதற்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பெரியவர்களும் போன பிறகு, நம் தாத்தாவின் படத்துக்கும் 'தமிழர் ஒருவர்' என்பதே தலைப்பாகிவிடும்.