தோட்டத்துக்குக் கிறிஸ், தூரப் பயணத்துக்கு டோமினார்: எதை வாங்கலாம்?

கெடா, குரூணில் தொழிற்சாலை கொண்ட மொடெனாஸ் நிறுவனம் 1995-இல் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே கவாசாகி தொழில்நுட்பத்தில் கிறிஸ் மோட்டார் சைக்கிள் அறிமுகமானது.

110 சிசி கிறிஸ் எடை குறைவு. கைக் கிளட்ச் இல்லை. தோட்டத்து மண் சாலைக்கும் பட்டண வேலைக்கும் ஏற்றது. நெடுஞ்சாலையில் லாரிகளை முந்தத்தான் வேகம் போதாது.

பஜாஜ் கூட்டில் வந்த டோமினார் 400-க்கு 373 சிசி, ஆறு கியர். சுங்கைப் பட்டாணியிலிருந்து பாலிங், கிரிக் வழியாகக் கிளந்தான் செல்லும் மலைச் சாலைக்கு இழுவை தாராளம். ஆனால் கனமான வண்டி. சேற்றில் சிக்கினால் சிரமம்.

விலை கேட்கும் முன் லைசென்ஸைப் பாருங்கள். பி2 உரிமம் 250 சிசி வரைதான்; டோமினாருக்கு அதைவிட உயர்ந்த வகை உரிமம் வேண்டும். அது இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்புறுதி இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.