கிராஃபோர்ட் யங்

மெர்வின் கிராஃபோர்ட் யங் (1931 – 2020) ஓர் அமெரிக்க அரசறிவியலாளர். குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுதலை பெற்ற நாடுகளின் அரசமைப்பு, அந்நாட்டு மக்களின் பண்பாட்டு அடையாளம் ஆகியவை பற்றிய ஒப்பாய்வுகளுக்காக அறியப்படுபவர். ஆப்பிரிக்காவை, குறிப்பாகக் காங்கோவை, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆராய்ந்தார்.

கல்வியும் பணியும்

பிலடெல்பியாவில் பிறந்த யங், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டமும் ஆர்வர்டில் முனைவர் பட்டமும் பெற்றார். 1963 முதல் 2001 வரை விஸ்கொன்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் கற்பித்தார். இடையில் உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1973 முதல் 1975 வரை சயீர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லுபும்பாசி வளாகத்தில் சமூக அறிவியல் புலத்தின் தலைவராக இருந்தார்.

காங்கோ ஆய்வு

1960 சூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து காங்கோ விடுதலை பெற்றபோது அதன் இராணுவத்தில் ஆப்பிரிக்க அதிகாரி ஒருவர்கூட இல்லை. சில நாட்களுக்குள் படைவீரர் கலகம் வெடித்தது. சூலை 11 அன்று கட்டங்கா மாகாணம் பிரிந்து செல்வதாக அறிவித்தது. 1961 சனவரியில் முதல் பிரதமர் பத்ரீசு லுமும்பா கொல்லப்பட்டார். இந்தக் குழப்பத்தைப் பழங்குடிப் பகையின் விளைவு என்று சொல்லிவிடுவது அன்றைய செய்தியாளர்களுக்கு எளிதாக இருந்தது. 1965 இல் வெளிவந்த யங்கின் முதல் நூலான "காங்கோவில் அரசியல்", பகைக்குக் காரணமான அடையாளங்களே எவ்வாறு உருவாயின என்று கேட்டது.

அவர் எடுத்துக்காட்டிய பங்காலா மக்களின் வரலாறு குறிப்பிடத்தக்கது. நடுக் காங்கோ ஆற்றங்கரையில் வாழ்ந்த பல்வேறு சிறு குழுக்களை ஐரோப்பியர் "பங்காலா" என்ற ஒரே பெரிய இனமாகக் கருதினர். படைக்கும் ஆற்றுக் கப்பல்களுக்கும் ஆள் சேர்த்தபோது அப்பெயர் பரவியது. லிங்காலா பொதுமொழியாக வளர்ந்தது. பின்னர் தலைநகர் லியோபோல்ட்வில்லில், ஆற்றின் மேற்பகுதியிலிருந்து குடிவந்தவர்கள் பகோங்கோ மக்களுக்கு எதிர்த்தரப்பாகப் பங்காலா என அழைக்கப்பட்டனர். தாமும் அவ்வாறே அமைப்பு கண்டனர். 1957 இல் நடந்த நகராட்சித் தேர்தலில் பகோங்கோ அமைப்பான அபாக்கோ பெற்ற வெற்றி இப்பிளவைக் கூர்மையாக்கியது. பெயர் வெளியார் இட்டதுதான். ஆனால் அதன் பேரில் எழுந்த அச்சமும் போட்டியும் மெய்யானவை.

பண்பாட்டுப் பன்மை

1976 இல் வெளியான "பண்பாட்டுப் பன்மையின் அரசியல்" இக்கருத்தை மூன்றாம் உலக நாடுகள் பலவற்றுக்கும் விரித்தது. ஒருவருக்கு ஒரே நேரத்தில் பல அடையாளங்கள் உண்டு. அவற்றுள் எது மேலெழும் என்பதைச் சூழ்நிலையும் அரசியல் போட்டியும் தீர்மானிக்கின்றன என்றார் யங். தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய பகுதி, நைஜீரியாவையும் இந்தியாவையும் ஒப்பிடும் இயல். மொழி, சமயம், சாதி, வட்டாரம் ஆகியவை ஒன்றையொன்று குறுக்கறுத்துச் செல்வதால், பன்மையின் சிக்கலே நாட்டைப் பிணைக்கவும் உதவலாம் என்பது அதன் வாதம். இந்நூலுக்கு 1977 இல் ஆப்பிரிக்க ஆய்வுச் சங்கத்தின் எர்சுகோவிட்சு பரிசு கிடைத்தது.

அரசு பற்றிய ஆய்வு

1965 இல் ஆட்சியைக் கைப்பற்றிய மொபுட்டு, 1971 இல் நாட்டுக்குச் சயீர் எனப் பெயரிட்டார். கிறித்தவப் பெயர்களைக் கைவிடச் செய்தார். 1973 நவம்பரில் வெளிநாட்டவரின் வணிக நிறுவனங்களையும் தோட்டங்களையும் நாட்டவருக்கு மாற்ற ஆணையிட்டார். அவை பெரும்பாலும் ஆளும் வட்டத்தினரிடம் சென்றன. கடைகளில் சரக்கு தீர்ந்தது. யங் அப்போது லுபும்பாசியில் இருந்தார். தாமசு டர்னருடன் எழுதிய "சயீர் அரசின் எழுச்சியும் வீழ்ச்சியும்" (1985) இக்காலத்தை விரிவாக விளக்குகிறது. வலிமைமிக்கதாகத் தோன்றிய அரசு, தன் குடிமக்களுக்கு எதையும் செய்ய இயலாததாகச் சுருங்கியதை அந்நூலில் காணலாம்.

இந்த வீழ்ச்சியின் வேரை அவர் குடியேற்ற ஆட்சியில் தேடினார். கீழ்க் காங்கோவில் பாதை அமைக்கப் பாறைகளை உடைத்த என்றி மோர்ட்டன் இசுடான்லிக்கு மக்கள் இட்ட பெயர் "பூலா மத்தாரி". பாறை உடைப்பவர் என்பது பொருள். பின்னர் அது குடியேற்ற அரசுக்கே பெயராயிற்று. இச்சொல்லை யங் தம் 1994 ஆம் ஆண்டு நூலில் உருவகமாகக் கையாண்டார். மிகப் பிந்தி, மிக விரைவாக நிறுவப்பட்ட ஆப்பிரிக்கக் குடியேற்ற அரசுகள், தம் செலவைத் தாமே ஈட்ட வேண்டியிருந்ததால் தலைவரியையும் கட்டாய உழைப்பையும் மக்கள்மீது சுமத்தின. விடுதலைக்குப்பின் வந்த ஆட்சியாளர் அந்த இயந்திரத்தையும் அதன் பழக்கங்களையும் மரபுரிமையாகப் பெற்றனர் என்பது அவர் முடிவு.

இவ்விளக்கம் பிற்கால ஆட்சியாளரின் பொறுப்பைக் குறைத்துக் காட்டவில்லையா என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கு ஓரளவு விடை 2012 இல் வெளிவந்த அவரது "ஆப்பிரிக்காவில் பின்குடியேற்ற அரசு" என்ற நூலில் உள்ளது. 1960 முதல் 2010 வரையான காலத்தை, நம்பிக்கையும் ஏமாற்றமும் மாறிமாறி வந்த மூன்று சுழற்சிகளாக அது பிரிக்கிறது. ஒத்த மரபிலிருந்து தொடங்கிய நாடுகள் வெவ்வேறு வழிகளில் சென்றதையும் ஒப்புக்கொள்கிறது. போட்சுவானாவும் மொரிசியசும் நிலைத்தன, சோமாலியா சிதைந்தது. காங்கோவில் அரசு பெயரளவுக்குக் குறுகிய பின்னரும், பல போர்களுக்குப் பின்னரும், மக்கள் தம்மைக் காங்கோ நாட்டவராகவே கருதிவந்தது யங்கின் கவனத்தைத் தொடர்ந்து ஈர்த்தது.