ஆரோக்கியமான கர்ப்பகாலத்தில் தைராய்டு இயக்குநீர் மாற்றங்கள்

கழுத்தின் முன்புறத்தில் அமைந்துள்ள தைராய்டு சுரப்பி, உடலின் வளர்சிதை மாற்றத்தைச் சீராக வைத்திருக்கிறது. கருவுற்ற பெண்ணின் உடலில் இச்சுரப்பியின் பணி அதிகரிக்கிறது. எனவே, கர்ப்பகாலப் பரிசோதனை முடிவுகள் பிற காலத்தவற்றிலிருந்து வேறுபடுவது இயல்பே.

மாற்றங்கள் எவ்வாறு நிகழ்கின்றன?

கரு பதிந்தபின் உருவாகும் எச்.சி.ஜி. இயக்குநீர், அமைப்பில் டி.எஸ்.எச்.-ஐ ஒத்திருப்பதால் தைராய்டையும் தூண்டுகிறது. ஏறத்தாழ 8 முதல் 11 வாரங்களில் அது உச்சத்தை எட்டும்போது டி.எஸ்.எச். குறைந்து, பின்னர் படிப்படியாக உயர்கிறது. ஈஸ்ட்ரோஜன் மிகுவதால், தைராக்சினைச் சுமந்து செல்லும் புரதமும் இரத்தத்தில் கூடுகிறது. இதனால், ஏறத்தாழ 16ஆம் வாரத்தில் மொத்தத் தைராக்சின் அளவு ஒன்றரை மடங்காகிறது.

சிசுவுக்கு இதனால் என்ன பயன்?

சிசுவின் தைராய்டு ஏறத்தாழ 12ஆம் வாரத்தில் செயல்படத் தொடங்கினாலும், 18 முதல் 20 வாரங்கள் வரை போதிய அளவு சுரப்பதில்லை. அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சினே ஆதாரம்.

பரிசோதனை அறிக்கை

மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளின்படி, டி.எஸ்.எச். அளவு (லிட்டருக்கு மில்லி யூனிட்):

• முதல் மூன்று மாதங்கள்: 0.1 – 2.5
• அடுத்த மூன்று மாதங்கள்: 0.2 – 3
• இறுதி மூன்று மாதங்கள்: 0.3 – 3

ஆய்வக அறிக்கையில் அச்சிடப்பட்டிருப்பது பெரும்பாலும் கருவுறாதோருக்கான அளவாகும். அதனைக் கொண்டு தாமாகவே முடிவு செய்யாமல், கர்ப்ப வாரத்தைத் தெரிவித்து மருத்துவரிடம் விளக்கம் பெறவும்.

அயோடின்

கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை. மலைப்பகுதிகளில் மழைநீர் மண்ணிலுள்ள அயோடினை அரித்துச் செல்லக்கூடும். ஆதலால், குற்றாலம், தென்காசி போன்ற மலையடிவாரப் பகுதிகளில் வசிப்போர் அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்துவது நல்லது. கடல்நீரில் விளைந்ததாயினும், அயோடின் சேர்க்கப்படாத கல்லுப்பு இத்தேவையை நிறைவு செய்யாது. உப்பை மூடிவைத்துப் பயன்படுத்தவும். அளவைக் கூட்ட வேண்டாம்.

கவனத்திற்கு

• ஏற்கெனவே தைராக்சின் மாத்திரை உட்கொள்வோர், கருவுற்றது தெரிந்தவுடன் மருத்துவரை அணுகவும். மருந்தின் அளவைக் கூட்ட நேரிடலாம். தாமாக நிறுத்தக் கூடாது.
• மாத்திரையை வெறும் வயிற்றில் உட்கொள்ளவும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி தேவை.
• கழுத்து வீக்கம், நெஞ்சுப் படபடப்பு, கைநடுக்கம், மிகுந்த சோர்வு அல்லது தொடர் வாந்தி இருப்பின் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ தென்காசி மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையையோ அணுகவும். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.