வடக்கின் காட்டுக் கரையோரம்: போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வடக்கின் கரையோரத்தைப் பற்றி எழுதப்படும் சுற்றுலாக் குறிப்புகளில் 'மனிதர் கால் படாத கடற்கரை' என்ற சொற்றொடர் திரும்பத் திரும்ப வருகிறது. மன்னார் தொடக்கம் முல்லைத்தீவு வரை செய்தி சேகரிக்கப் பல வருடங்களாகப் போய் வருகிறேன். அப்படியொரு கடற்கரையை நான் இதுவரை காணவில்லை. கண்டதெல்லாம் வாடி போட்டிருந்த கரைகள், கரைவலை இழுத்த பாடுகள், இடம்பெயர்ந்தவர்கள் திரும்பி வந்த அல்லது இன்னும் வர முடியாத ஊர்கள். விடுமுறைக்கு வரும் புலம்பெயர் உறவுகளும் கொழும்பிலிருந்து வருபவர்களும் என்னிடம் வழி கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம் என்பதை ஊரில் யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம். இது காடும் களப்பும் மணலும் பார்க்கப் போகிறவர்களுக்கானது.

முதலில் காலம். எங்களவர்களில் பெரும்பாலானோர் வருவது நல்லூர்த் திருவிழாவை ஒட்டி, ஆடி ஆவணியில். அப்போது சுண்டிக்குளத்துக்குப் போனால் வெடித்த சேற்றுத் தரையையும் உப்புப் படிந்த வெளியையும்தான் பார்ப்பீர்கள். "அங்கே ஒன்றுமே இல்லை" என்று பலர் சொல்வது இதனால்தான். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்து களப்புகள் நிரம்பிய பிறகுதான் வலசைப் பறவைகளின் கூட்டம் பெருகும். மார்கழி பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். அதற்கு முந்திய கார்த்திகையில் புயலும் வெள்ளமும் வரும், வீதிகள் உடைக்கும். அந்த மாதத்தில் பயணத்தை ஒத்திவைப்பது புத்தி. ஆவணியில்தான் வர முடியும் என்றால் நெடுந்தீவையும் மணற்காட்டையும் வைத்துக்கொள்ளுங்கள், பறவைகளை விட்டுவிடுங்கள்.

சுண்டிக்குளம்

யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வர இரண்டு வழி. ஒன்று, பருத்தித்துறைப் பக்கமிருந்து வடமராட்சி கிழக்குக் கரையோரமாக மருதங்கேணி, ஆழியவளை, உடுத்துறை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று ஊர் ஊராக வருவது. மற்றது ஏ-9 வீதியில் இயக்கச்சிச் சந்தியில் திரும்பி வருவது. நேரம் இருந்தால் முதல் வழியில் வாருங்கள். உடுத்துறையில் 2004 ஆழிப்பேரலையில் இறந்தவர்களின் நினைவாலயம் இருக்கிறது. அந்தக் கரையில் ஒரே குடும்பம் சுனாமியையும் போரையும் ஐந்து வருடத்துக்குள் கண்டிருக்கிறது என்பது, வழியில் தேநீர் குடிக்க நிற்கும் கடையில் பேச்சுக் கொடுத்தாலே தெரியவரும்.

சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2015 ஜூனில் தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. பரப்பு 19,500 ஹெக்டேயருக்குச் சற்று மேல். கனகராயன் ஆறும் நெத்தலி ஆறும் வன்னியின் மழைநீரைக் கொண்டுவந்து இந்தக் களப்பில்தான் கொட்டுகின்றன. பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம், கடலுக்குப் போகும் இந்த நன்னீரை மறித்து, முள்ளியான் கால்வாய் வழியாகக் குடாநாட்டுக்குள் கொண்டுபோவதைத்தான் எண்ணியது. களப்பின் ஓரத்தில் நின்று பார்க்கும்போது அந்த யோசனை எவ்வளவு எளிமையானது என்று தோன்றும். ஏன் முடியவில்லை என்பது வேறு கதை.

நீர் நிறைந்த காலத்தில் பூநாரைகள், கூழைக்கடாக்கள், நாரைகள், வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகள் எல்லாவற்றையும் காணலாம். விடியற்காலை வாருங்கள். எட்டரை மணிக்குப் பிறகு வெயில் ஏறி, வெளியெங்கும் கானல் ஆடத் தொடங்கும். பிறகு தொலைநோக்கியும் உதவாது. படம் எடுப்பதற்காகக் கூட்டத்தை நோக்கி ஓடிப் பறக்கவைக்கும் வழக்கம் அண்மைக்காலமாகப் பெருகியிருக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்த பறவைக்கு அது இரை தின்னும் நேரம். களப்பில் முதலைகள் உண்டு. தண்ணீர் ஆழமில்லை என்று இறங்க வேண்டாம்.

இனி முக்கியமான விடயம். கரையோரப் பற்றைக்குள் நடக்கும்போது ஒரு கிணறும், அதன் பக்கத்தில் தலை போன தென்னையும், தானாக முளைத்த முருங்கையும் கண்டால், அது காடல்ல, யாரோ ஒருவரின் வளவு. வர்த்தமானியில் பூங்கா எல்லை போடப்பட்டது மக்கள் இடம்பெயர்ந்து, திரும்பி, தங்கள் காணியைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில். வரைபடத்தில் பச்சை நிறம் பூசிய இடங்களில் சிலவற்றுக்கு மக்களின் கையில் உறுதி இருக்கிறது. இங்கே வனத்தைக் காப்பதற்கு நான் எதிரானவன் அல்ல. களப்பு செத்தால் இறாலும் செத்துவிடும், அதை மீனவர்களே முதலில் சொல்வார்கள். ஆனால் வளவு ஒன்றில் நின்று படம் எடுத்து, அதற்குக் கீழே 'தீண்டப்படாத வனம்' என்று நீங்கள் எழுதும்போது ஒரு காணி வழக்கில் ஒரு பக்கம் சாட்சி சொல்கிறீர்கள் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கிணறுகளால் வேறு ஆபத்தும் இருக்கிறது. கட்டு இடிந்து, பற்றை மூடி, நிலத்தோடு நிலமாகக் கிடக்கும். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடவுங்கள். மிதிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை. சிவப்பு நிற எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ கண்டால் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. வாகனத்தில் ஏறும்போதே சொல்லிவையுங்கள். பலகை இல்லாத இடத்திலும் தேய்ந்த பாதையை விட்டு விலக வேண்டாம். மழை மண்ணை அரித்த பிறகு துருப்பிடித்த இரும்பு எதுவும் வெளியே தெரிந்தால் தொடாமல், வந்த வழியே திரும்பி, ஊரவரிடமோ கிராம அலுவலரிடமோ சொல்லுங்கள். பாம்புகளில் சுருட்டை விரியன் இந்த வறண்ட மணல் தரைக்கு உரியது. சிறியது, மண் நிறத்தில் கிடக்கும். செருப்போடு பற்றைக்குள் போகாதீர்கள். சப்பாத்துப் போடுங்கள்.

நெடுந்தீவும் மணற்காடும்

நெடுந்தீவுக்குப் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகு. ஏறத்தாழ ஒரு மணி நேரம். சோளகம் வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை கடல் குழம்பும். வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் கொண்டு போவதானால் காலைப் படகே நல்லது. படகு நேரங்கள் காற்றுக்கும் பழுதுக்கும் ஏற்ப மாறும், முதல்நாளே இறங்குதுறையில் விசாரியுங்கள். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை ஏறும்போதே கேளுங்கள். படகு தீவு மக்களுக்கான போக்குவரத்து என்பதை மறக்கக் கூடாது. வைத்தியசாலைக்குப் போய்த் திரும்புபவரும் பாடசாலை ஆசிரியரும் நிற்க, உல்லாசப் பயணக் கூட்டம் முண்டியடித்து ஏறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இதே கடலில்தான் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் சென்ற பயணிகள், பெண்களும் குழந்தைகளுமாக, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தீவில் அதை மறந்த வீடு இல்லை.

தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். முருகைக்கல் மதில்கள், பெருக்கமரம், ஒல்லாந்தர் கால இடிபாடுகள், பிறகு குதிரைகள். ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை என்று சொல்லப்படும் இந்த மட்டக்குதிரைகள் தீவின் தெற்குப் பக்க வெளியில் மேயும். கோடையில் குடிநீருக்குத் தீவே தவிக்கும், குதிரைகளும் தவிக்கும். ஆகவே உங்கள் தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள். ஒரு முச்சக்கரவண்டியைப் பேசிக்கொண்டால் அரை நாளில் சுற்றிவிடலாம், சைக்கிள் கிடைத்தால் இன்னும் நல்லது.

மணற்காடு பருத்தித்துறையிலிருந்து அதிக தூரமில்லை. மணல் மேடுகள், சவுக்கங்காடு, மணலுக்குள் புதைந்துபோன பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள். மாலையில் போங்கள். மணல் மேட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள். அந்த மேடுதான் பின்னாலிருக்கும் ஊருக்குக் கடலரண்.

மன்னார்

கொழும்பிலிருந்து தலைமன்னார்ப் புகையிரதம் 2015 முதல் மீண்டும் ஓடுகிறது. பெருநிலத்திலிருந்து மன்னார்த் தீவுக்குள் நுழையும் தாம்போதியின் இரு பக்கமும் வங்காலைச் சரணாலயத்தின் நீர்வெளி. 2008 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010 இல் ராம்சார் ஈரநிலமானது. சுண்டிக்குளத்தில் தேடிப் போய்ப் பார்க்க வேண்டியதை இங்கே வீதியோரத்தில் நின்றே பார்க்கலாம். நடக்க முடியாத பெற்றோரை அழைத்து வருபவர்களுக்கு நான் சொல்வது வங்காலையைத்தான். தீவின் தென்கரையில் 2020 முதல் இயங்கும் தம்பபவனி காற்றாலைகள் 30 நிற்கின்றன. அவை பறவைகளின் பாதையிலும் மீனவர்களின் வாழ்விலும் என்ன செய்திருக்கின்றன என்பது மன்னார் மக்களின் போராட்டங்களில் வந்த கேள்வி. படகுக்காரரிடம் கேட்டால் சொல்வார்.

மன்னாரிலிருந்து பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் திரும்பும் ஏ-32 வீதி எனக்குப் பிடித்த வழி. இடையில் முழங்காவில் பக்கம் இரணைமாதாநகர். இரணைதீவு மக்கள் 1992 இல் இடம்பெயர்ந்து இங்கேதான் இருந்தார்கள். மாதக்கணக்கில் போராடிப் பார்த்துவிட்டு, 2018 ஏப்ரலில் தாங்களே படகேறித் தீவில் போய் இறங்கினார்கள். நண்டும் கடலட்டையும் அவர்களின் சீவியம். தீவைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் அங்குள்ள கடற்றொழிலாளர் சங்கத்தில் முதலே பேசி, அவர்களுடைய படகில், அவர்கள் சொல்லும் நாளில் போக வேண்டும்.

முல்லைத்தீவுக் கரை

நந்திக்கடலிலும் நாயாற்றிலும் பறவைகள் உண்டு, அழகும் உண்டு. ஆனால் வட்டுவாகல் பாலத்தில் நின்று சிரித்தபடி படம் எடுக்க முன், 2009 மே மாதத்தில் அந்தப் பாலத்தால் யார் யார் எப்படிக் கடந்து வந்தார்கள் என்று உங்கள் வீட்டிலேயே ஒருவரைக் கேட்கலாம். முள்ளிவாய்க்கால் மணலில் இன்னும் உடுப்புத் துண்டுகளும் செருப்புகளும் வெளிவருகின்றன. எடுத்துவராதீர்கள். அங்கே குளிக்கவும் சமைக்கவும் போகும் பஸ்களைப் பற்றி ஊரவர் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, முகத்தில் தெரியும்.

தங்குமிடம் பற்றி ஒன்று மட்டும். காங்கேசன்துறையின் தல்செவன இராணுவம் நடத்துவது, காரைநகர்க் கடலிலுள்ள ஹம்மன்ஹீல் கோட்டை விடுதி கடற்படை நடத்துவது. போவதா விடுவதா என்பது உங்கள் விருப்பம், யாருடையது என்று தெரிந்துகொண்டு பணத்தைக் கட்டுங்கள். ஊரில் வீட்டோடு அறை கொடுப்பவர்கள் பலர் இணையத்தில் இல்லை. தேவாலயத்திலோ சங்கக் கடையிலோ விசாரித்தால் கிடைக்கும். ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். முகாம்கள் இருக்கும் கரையில் அனுமதி இருந்தாலும் எடுக்காமல் விடுவது நல்லது, ஏனென்றால் நீங்கள் போன பிறகு விசாரணைக்குக் கூப்பிடப்படுவது உங்களைக் கூட்டிப்போன ஓட்டோக்காரர்தான். வடமராட்சி கிழக்கில் மாலைக்குப் பிறகு பஸ்ஸை நம்ப முடியாது. எரிபொருளைப் பருத்தித்துறையிலோ கிளிநொச்சியிலோ நிரப்பிக்கொள்ளுங்கள், சில்லறைக் காசும் கையில் வைத்திருங்கள். வாடிகளில் அட்டை எடுபடாது, மீன் மட்டும் மலிவு.