மரக்கிளிக்கு மேல் ஒரு பூச்சு: பழவேற்காட்டு அரக்கிலிருந்து பி.யூ. வரை

ஒரு மரக்கிளியைச் செதுக்கி வண்ணம் தீட்டி முடிச்சாச்சுன்னு வைங்க. பச்சையும் சிவப்பும் காஞ்சாச்சு. இனி மேலே நிறமில்லாத ஒரு பூச்சு கொடுக்கணும். ஹார்டுவேர் கடையில வார்னிஷ், மெலமைன், என்.சி. லாக்கர், பி.யூ.ன்னு டப்பாக்கள் வரிசையா நிக்கும். கடைக்காரர் அனேகமா பி.யூ.வைத்தான் எடுத்து வைப்பார்: "போட்டா அசையாது சார்." அந்த 'அசையாது'ங்கிற வார்த்தையைத்தான் இந்த எபிசோட்ல சந்தேகப்படப் போறோம்.

அதுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டி, பழவேற்காடு வரைக்கும் போகணும். இன்னைக்கு நாம பூநாரை பார்க்கப் போற ஊர், 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடம். 1613ல் எழுந்த கெல்டிரியா கோட்டை அங்கேதான் இருந்தது. 1690ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. அதுக்கு முன்னாடி, 1634லிருந்து 1680 வரை, பர்மாவில் டச்சுக்காரங்க நடத்திய வணிகமும் இந்த நிர்வாகத்தின் கீழேதான் இருந்தது. நம்ம கரையிலிருந்து துணி பெகுவுக்குப் போச்சு. அங்கிருந்து வந்த சரக்குகள்ல ஒண்ணு அரக்கு.

அரக்கு மாளிகை, பார்சல்ல வைக்கிற அரக்கு முத்திரை, இதெல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதான். பலாசு மாதிரி மரக்கிளைகள்ல ஒரு சின்னப் பூச்சி சுரக்கிற பிசின் அது. கிளையோட எடுத்தா கொம்பரக்கு. கழுவி, உருக்கி, மெல்லிய தகடா இழுத்து நொறுக்கினா அவல் மாதிரி சில்லு சில்லா வரும். அதுதான் செல்லாக். 1688ல் ஆக்ஸ்போர்டில் ஸ்டாக்கரும் பார்க்கரும் வெளியிட்ட வார்னிஷ் கையேட்டிலேயே அரக்கை ஸ்பிரிட்டில் கரைச்சுப் பூசும் முறை இருக்கு.

சென்னபட்டணா பொம்மைக்கு இந்தத் தலைவலி கிடையாது. கடைசலில் மரம் சுத்தும்போது நிறம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்துவாங்க. உராய்வுச் சூட்டில் அது உருகிப் படியும். தாழை மடலால் தேய்ச்சா பளபளப்பு வந்துடும். நிறமும் பூச்சும் ஒண்ணுதான். ஆனா கிளியின் அலகையும் மயிலின் கழுத்தையும் கடைசலில் சுத்த முடியாதே! கையால செதுக்கி, தூரிகையால தீட்டி, தனியா மேல்பூச்சு போட்டுத்தான் ஆகணும்.

20ஆம் நூற்றாண்டு கண்டுபிடிச்சதெல்லாம் காருக்கும் மேசைக்கும் ஏத்த பூச்சுகள். 1923ல் டூபான்ட்டின் 'டியூகோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வந்தது, சீக்கிரம் காயும். 1937ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் பாலியூரித்தேன் வேதியியலைக் கண்டுபிடித்தார். நம்ம பி.யூ.வின் மூலம் அதுதான். செல்லாக் காயறதுன்னா ஸ்பிரிட் ஆவியாகறது, அவ்வளவுதான். திரும்ப ஸ்பிரிட் தொட்டா கரையும். பி.யூ.வில் மூலக்கூறுகள் ஒண்ணோடொண்ணு பிணைஞ்சு வலையாயிடும். அப்புறம் எதிலும் கரையாது. 'அன்டூ' இல்லாத கமாண்ட்!

மேசைக்கு அது வரம். பறவைக்கு அப்படியில்ல. பழைய எண்ணெய் வார்னிஷ் வருஷம் போகப் போக மஞ்சளாகும். வெள்ளை அன்னம் பழுப்பாகும், மயிலின் நீலம் பச்சையாத் தெரியும். அதை எடுக்கணும்னா சுரண்டணும். சுரண்டினா யாரோ ஒருத்தர் ஒவ்வொரு இறகா இழுத்த கோடும் சேர்ந்து போயிடும். பல கோயில் வாகனங்கள்ல எனாமலுக்கு மேல எனாமலா ஏறி, செதுக்கின இறகே மொழுக்குன்னு ஆயிடுது. எனக்கு இது பெரிய இழப்பாப் படுது.

செல்லாக்குக்கும் குறை உண்டு. ஈரம் பட்டா வெளுக்கும், சூட்டில் இளகும். பழவேற்காடு மாதிரி கடலோரக் காத்துல திறந்த திண்ணையில் வைக்கிற பறவைக்கு நான் சொல்லமாட்டேன். கண்ணாடி அலமாரிக்குள்ள இருக்கிறதுக்குத் தாராளமா போடலாம். அடியில் எனாமல் நல்லாக் காஞ்சிருக்கணும். மெழுகு நீக்கிய செல்லாக், ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அளவில், மெல்லிசா ரெண்டு கை போதும். அக்ரிலிக் வண்ணம்னா வேண்டாம், ஸ்பிரிட் அதை இளக்கிடும். அதுக்கு டர்பென்டைனில் கரையும் ஓவியர் வார்னிஷ் இருக்கு.

இன்னொண்ணு, பளபளப்பு. அமெரிக்காவில் மேரிலாந்தின் கிறிஸ்ஃபீல்டில் லெம், ஸ்டீவ் வார்டுன்னு முடிதிருத்தும் சகோதரர்கள் இருந்தாங்க. வாத்து வேட்டைக்கான மரப்பறவை செதுக்குறதில் பேர் போனவங்க. அந்தத் தொழில்ல பளபளப்பு ஆகாது. வெயிலில் மின்னினா நிஜ வாத்து கிட்ட வராது. அதனால செல்லாக் காஞ்சதும் நைசான ஸ்டீல் வுல்லால் லேசாத் தேய்ச்சு மினுக்கைக் குறைங்க. கண்ணை மட்டும் விட்டுடுங்க, அது மின்னட்டும்.