டெல்லிக்கு 10 டிகிரி... சென்னைக்கு 15 டிகிரி: 'குளிர் அலை' அறிவிப்பு ஊருக்கு ஊர் மாறுவது ஏன்?

டிசம்பர் பிறந்தாலே போதும். காஷ்மீரில் உறைந்த ஏரி, டெல்லியில் எதிரே வரும் வண்டி தெரியாத பனிமூட்டம், ஊட்டியில் வெள்ளை பூத்த புல்வெளி என வீடியோக்கள் போனில் வரிசைகட்டும். சென்னையிலோ விடியற்காலையில் ஃபேனைக் குறைத்து வைத்தாலே வேலை முடிஞ்சது. ஒரே நாடு, ஒரே மாதம். அப்புறம் ஏன் இத்தனை வித்தியாசம்?

காரணம், ஒவ்வொரு பகுதிக்கும் குளிர் வரும் வழி வேறு. அதனால் அது தரும் ஆபத்தும் வேறு.

காஷ்மீர்: குளிருக்கே தனி காலண்டர்

காஷ்மீரில் டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாட்களுக்கு 'சில்லாய் கலான்' என்று பெயர். பெருங்குளிர் என்று அர்த்தம். அடுத்த 20 நாட்கள் 'சில்லாய் குர்த்', அதாவது சிறு குளிர். கடைசி 10 நாட்கள் 'சில்லாய் பச்சா', குட்டிக் குளிர். இந்த நாட்களில் தால் ஏரியின் ஓரங்கள் உறையும், குழாயில் தண்ணீர் கட்டியாகிவிடும். 'ஃபெரன்' என்ற நீண்ட அங்கிக்குள் 'காங்கிரி' எனும் கனல் சட்டியை வைத்துக்கொண்டுதான் மக்கள் நடமாடுவார்கள்.

மத்தியத் தரைக்கடல் பக்கம் உருவாகி, மேற்கிலிருந்து நகர்ந்து வரும் காற்றுச் சுழற்சிகள்தான் இங்கே பனிப்பொழிவைத் தருகின்றன. இவற்றை 'மேற்கத்திய இடையூறு' என்கிறார்கள்.

டெல்லி: மேகம் விலகியதும் நடுக்கம்

இந்தச் சுழற்சி வரும்போது டெல்லியில் மேகம் சூழும். மேகம் ஒரு போர்வை மாதிரி. நிலத்தின் சூட்டை வெளியே விடாது. அதனால் அன்று இரவு குளிர் குறைவாகவே இருக்கும். சுழற்சி கடந்துபோய் வானம் தெளிந்த பிறகுதான் சிக்கல். பனி மூடிய இமயமலைப் பக்கமிருந்து வறண்ட குளிர்காற்று பஞ்சாப், ஹரியானா, டெல்லி என இறங்கி வரும்.

காற்று ஓய்ந்து, தரையில் ஈரமும் இருந்தால் பனிமூட்டம் கட்டும். பார்வை தூரம் 200 மீட்டருக்குக் கீழே போனால் அது அடர் பனிமூட்டம். 50 மீட்டருக்கும் கீழே போனால் மிக அடர் பனிமூட்டம். ரயிலும் விமானமும் தாமதமாவது இதனால்தான்.

நீலகிரி: குளிர் தரையிலேயே உருவாகும்

நம்ம ஊட்டிக்குக் குளிர் வடக்கே இருந்து வர வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று ஏற்கெனவே குளிர்ந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்ததும், பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவில் வேகமாக இழக்கும். குளிர்ந்த காற்று கனமானது. அது மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் முதலில் உறைபனி விழுவது இப்படித்தான்.

"தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டுதே, எப்படி உறையும்?" என்று கேட்கலாம். வெப்பநிலையை அளப்பது தரைக்குச் சுமார் நாலடி மேலே. புல் இருக்கும் இடத்தில் அது 0 டிகிரிக்கும் கீழே போயிருக்கும். இந்த ஒரு இரவில் தேயிலைக் கொழுந்து கருகிவிடும். செடி மீண்டும் துளிர்க்கும் வரை சிறு விவசாயிக்கு வருமானம் இல்லை.

சென்னை: கடல் காப்பாற்றுகிறது

நிலத்தைவிடக் கடல் மெதுவாகத்தான் சூட்டை இழக்கும். அதனால் கடலோர ஊர்களில் இரவு வெப்பநிலை பெரிதாக இறங்காது. சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தைய கதை.

எப்போது 'குளிர் அலை'?

இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இந்திய வானிலை ஆய்வு மையம் எல்லை வகுத்திருக்கிறது. குறைந்தபட்ச வெப்பநிலை சமவெளியில் 10 டிகிரி, மலையில் 0 டிகிரி, கடலோரத்தில் 15 டிகிரி அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும். கூடவே, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது குறைந்திருக்க வேண்டும். குறைவு 6.4 டிகிரியைத் தாண்டினால் கடுமையான குளிர் அலை. சமவெளியில் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே போய்விட்டால் வழக்கமான அளவோடு ஒப்பிடவே தேவையில்லை, அது குளிர் அலைதான்.

மலைக்குக் கிளம்புறீங்களா? இதை மறக்காதீங்க

குளிருக்குப் பயந்து பூட்டிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டுவதுதான் பெரிய ஆபத்து. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவர் எழுந்திருக்காமலே போய்விடலாம். பார்பிக்யூ முடிந்து தீ அணைந்த மாதிரி தெரிந்தாலும் கனல் இருக்கும் வரை வாயு வரும்.

எனவே அடுப்பை அறைக்குள் கொண்டுவர வேண்டாம். கம்பளி, சாக்ஸ், தொப்பி என அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டாலே குளிர் தாங்கும். அடுப்பு இருக்கும் அறையில் யாருக்காவது தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்றால் உடனே எல்லோரும் வெளியே வந்து 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் குளிர்காற்றுதான் மருந்து.