கல்லும் பலகையும்: சாவோ பாவுலோவில் ஸ்கேட்போர்டும் பொதுவெளி உரிமையும்

பிரேசிலின் ஸ்கேட்போர்டு வரலாறு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் சொல்லப்படுகிறது: 1988இல் சாவோ பாவுலோவில் தடை, 1989இல் தடைநீக்கம், அப்புறம் ஒலிம்பிக் பதக்கங்கள். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால், தீராத ஒரு வழக்கைத் தீர்ந்ததாகக் காட்டிவிடுகிறது. தெருக்கல் யாருக்குச் சொந்தம் என்ற அந்த வழக்கு இன்னும் நடக்கிறது என்பதே என் வாதம்.

1960களில் ரியோவின் அலைச்சறுக்கு இளைஞர்களிடம் தொடங்கிய விளையாட்டு இது. 1976இல் ரியோவை அடுத்த நோவா இகுவாசுவில் இதற்கென்றே ஓர் ஓடுகளம் அமைந்தது. ஆனால் சாவோ பாவுலோவின் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய களம் ஒன்று கேட்காமலே கிடைத்திருந்தது. 1954இல் இபிராபுவேரா பூங்காவின் கட்டடங்களை இணைக்க ஆஸ்கர் நீமேயர் வடிவமைத்த கான்கிரீட் கூரை ஏறத்தாழ 27,000 சதுர மீட்டர் பரப்பில் வளைந்து கிடக்கிறது. வெயில் இல்லை, மழை இல்லை, தரை வழவழப்பு. நடப்பவர்களுக்காகக் கட்டியதில் சக்கரங்கள் ஓடின.

மேயர் ஜானியோ குவாத்ரோஸின் அலுவலகமும் அப்போது அதே பூங்காவுக்குள்தான் இருந்தது. 1988இல் அவர் முதலில் பூங்காவில் தடை விதித்தார். இளைஞர்கள் ஊர்வலம் போனதும் நகரம் முழுவதற்கும் அதை நீட்டினார். 1961இல் சில மாதங்களே குடியரசுத் தலைவராக இருந்தபோது அழகிப் போட்டிகளில் பிகினிக்குத் தடை போட்டவர் அவர். அதனால் இதையும் அவருடைய கிறுக்குகளில் ஒன்றாகச் சிரித்துத் தள்ளுவது வழக்கம். அந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை. 1986இல் நகரக் காவல்படையைத் தோற்றுவித்தவரும் அவரே. 1989 தொடக்கத்தில் பதவியேற்ற தொழிலாளர் கட்சியின் லூயிசா எருந்தினா தடையை நீக்கினார், காவல்படை இருந்தது. தடைக்கு ஆயுள் சில மாதங்கள்தான், அதை அமல்படுத்திய கைக்கு இன்றுவரை ஆயுள்.

அடுத்த அடி பொருளாதாரத்திலிருந்து விழுந்தது. 1990இல் குடியரசுத் தலைவர் கொல்லோரின் அரசு மக்களின் வங்கிச் சேமிப்பை முடக்கியபோது, பலகை செய்த நிறுவனங்களும் போட்டி நடத்தியவர்களும் நொடித்துப்போனார்கள். மிஞ்சியது தெரு. படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, பூங்கா இருக்கை: காசு கேட்காதவை இவைதான். பிரேசிலியர்களின் தெருப்பாணிச் சிறப்பை இயல்பான துள்ளலுக்குக் கணக்கெழுதுவோர் இந்த வறுமையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வடகிழக்கில் மரன்யாவோ மாநிலத்தின் இம்பெராத்ரிஸ் நகரைச் சேர்ந்த ராய்சா லேயால் 2015இல் உலகுக்குத் தெரிந்ததும் ஒரு படிக்கட்டில்தான். ஏழு வயது, நீலத் தேவதை உடை, முதுகில் இறக்கை. விழுகிறாள், எழுகிறாள், மறுபடி ஓடிவருகிறாள். குதிகாலால் உதைத்த பலகை காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிக் காலடிக்குத் திரும்புகிறது. 2021இல், 13 வயதில், டோக்கியோ ஒலிம்பிக்கின் தெருப்பிரிவில் வெள்ளி வென்றாள். கெல்வின் ஹோஃப்லரும் பெத்ரோ பாரோஸும் வென்றவற்றோடு அந்த ஆண்டு ஸ்கேட்போர்டில் பிரேசிலுக்கு மூன்று வெள்ளி. தெருப்பிரிவு என்றாலும் அங்கே தெரு இல்லை. படியும் கம்பியும் போட்டிக்கென்று செய்துவைத்த போலிகள். போலியில் ஏறினால் பதக்கம், அசலில் ஏறினால் காவலர். 2013 ஜனவரியில், புதுப்பித்துத் திறந்து சில மாதங்களே ஆகியிருந்த சாவோ பாவுலோவின் ரூஸ்வெல்ட் சதுக்கத்தில் நகரக் காவலர்களும் ஸ்கேட்டர்களும் மோதிக்கொண்டதை வேறெப்படிப் படிப்பது?

அதே நகரின் அன்யாங்கபாவு பள்ளத்தாக்குச் சதுக்கத்தின் கல் விளிம்புகள் இந்தப் பண்பாட்டின் உண்மையான ஆவணக்கிடங்காக இருந்தன. பலகை வழுக்கிப்போக மெழுகு தேய்த்துத் தேய்த்து, அதன்மேல் அலுமினிய அச்சுகள் உரசி உரசி, கல்லின் ஓரம் கறுத்து மழுங்கியிருக்கும். எந்த விளிம்பு மிகக் கறுத்திருக்கிறது என்று பார்த்தே எந்த இடத்தில் கூட்டம் கூடியது என்று சொல்லிவிடலாம். 2019இல் தொடங்கிய சீரமைப்பு அவற்றைப் பெயர்த்தெடுத்தது. ஸ்கேட்டர்கள் விடாமல் கேட்டதால் பழைய கற்களில் சில, சதுக்கத்தின் ஒரு பகுதியில் மீண்டும் பதிக்கப்பட்டன. நகரம் அதற்கு வைத்த பெயர் நினைவிடம். அங்கே கூடுகிறவர்களோ இன்னும் மெழுகோடுதான் வருகிறார்கள்.